அந்தப் பணம் உண்மையில் யாருடையது?

துருக்கியில் எகெபாங்க் என்று ஒரு வங்கி 1999-இல் முழுகியது. மக்களின் வைப்புத்தொகைக்குப் பொறுப்பேற்ற அரசு நிதியம், அந்த வங்கியைக் கையில் வைத்திருந்தவர் மேல் வழக்குப் போட்டு, 3 கோடி அமெரிக்க டாலருக்குத் தீர்ப்பும் வாங்கியது. தீர்ப்பு கைக்கு வந்துவிட்டது, பணம் வரவில்லை. அவர் அதே 1999-இல், கரீபியக் கடலில் பிரிட்டனின் கீழ் உள்ள கேமன் தீவுகளில் இரண்டு ட்ரஸ்ட் தொடங்கி, சுமார் 2.4 கோடி டாலரை அவற்றில் போட்டிருந்தார். சட்டப்படி அந்தப் பணம் ட்ரஸ்டியான நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அவர் பெயரில் எதுவும் இல்லை.

ஆனால் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது: ட்ரஸ்டை எப்போது வேண்டுமானாலும் அவரே ரத்து செய்யலாம். ரத்து செய்தால் பணம் அவரிடமே திரும்பும். நிதியம் கேட்டது இதைத்தான்: அந்த அதிகாரத்தை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் ரத்து செய்துகொள்கிறோம். அதிகாரம் வேறு, சொத்து வேறு என்று சொல்லி கேமனின் இரண்டு நீதிமன்றங்களும் மறுத்துவிட்டன. இந்தத் தீவுகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 2011-இல் அதைத் திருப்பிப் போட்டது. நினைத்த நேரத்தில் எடுத்துக்கொள்ள முடிகிற பணத்தின் மேல் ஒருவருக்கு இருக்கும் உரிமை, ஏறக்குறைய உடைமைதான். ஆகவே அந்த அதிகாரத்தை கடன்காரரின் சொத்தை வசூலிக்க நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பைப் படித்தபோது நான் லண்டனில் ஒரு நிறுவனத்தின் திவால் வழக்குப் பிரிவில் ஜூனியர். மறுநாள் வேலைக்குப் போகிற வழியெல்லாம் அதே நினைப்பு. பெயரில் இல்லாத பணத்தை, கையெழுத்துப் போடும் ஓர் அதிகாரத்தின் வழியாகப் போய்ப் பிடிக்கலாம் என்றால், சட்டத்தில் இதைவிடச் சுவாரசியமான இடம் வேறு எது? அடுத்த சில வருடங்களில் நானே கேமனுக்கு வந்து சேர்ந்தேன். "கேமன்ல திவால் வக்கீலா? அங்க யாரு திவாலாகுறாங்க?" என்று ஊரில் கேட்பவர்களுக்கு இதுவரை துண்டு துண்டாகத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். இந்த முறை முழுசாக எழுதுகிறேன்.

முதலில் ட்ரஸ்ட். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் கல்லூரியோ கல்யாண மண்டபமோ நினைவுக்கு வரும். இங்கே பேசுவது குடும்பச் சொத்துக்கான ட்ரஸ்ட். சொத்தைக் கொடுப்பவர் ஒருவர். அதை வாங்கித் தன் பெயரில் வைத்துக்கொண்டு நிர்வகிக்கும் ட்ரஸ்டி இன்னொருவர், பெரும்பாலும் ஒரு நிறுவனம். பயனாளிகள் மூன்றாவது தரப்பு: பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ட்ரஸ்டியைக் கண்காணிக்க 'புரொடக்டர்' என்று இன்னொருவரும் சில சமயம் இருப்பார். கூடவே சொத்தைக் கொடுத்தவர் தன் விருப்பத்தை எழுதிவைத்த கடிதம் ஒன்று இருக்கும். அது ட்ரஸ்டியைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் வழக்கு என்று வந்தால் எல்லோரும் முதலில் தேடுவது அந்தக் கடிதத்தைத்தான்.

இன்னொரு பாதி, கம்பெனிகள். பெரிய முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் ஹெட்ஜ் ஃபண்டுகளில் பெரும்பகுதியும், ஹாங்காங் பங்குச் சந்தையில் இருக்கும் சீன நிறுவனங்களில் பலவும் கேமனில் பதிவானவை. கேமனின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் உக்லாண்ட் ஹவுஸ் என்று ஒரு சாதாரண அலுவலகக் கட்டடம் இருக்கிறது. 2008-இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு கணக்கெடுத்தபோது, அந்த ஒரே முகவரியில் 18,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பதிவாகியிருந்தன. தொழில் நடப்பது ஷாங்காயில், பணம் நியூயார்க்கில், கடன் கொடுத்தவர் லண்டனில், பதிவு மட்டும் இங்கே. ஆனால் கம்பெனி விழுந்தால் அதைக் கலைக்கிற அதிகாரம் பதிவான இடத்து நீதிமன்றத்துக்கு உண்டு. 2021 கணக்கெடுப்பில் 71 ஆயிரம் பேர் வாழ்ந்த ஒரு சிறு தீவுக்கூட்டத்தில் உலகத்தின் பெரிய திவால் வழக்குகள் நடப்பது அதனால்தான்.

நான் தொழில் பழகியது சென்னை உயர் நீதிமன்றத்தில், கம்பெனி மனுக்கள் நடத்திய ஒரு சீனியரிடம். திவால் சட்டம் 2016-இல் வருவதற்கு முந்தைய காலம் அது. கடனைத் திருப்பித் தராத கம்பெனிக்கு 1956 கம்பெனிச் சட்டத்தின் 434-ஆம் பிரிவின் கீழ் நோட்டீஸ் அனுப்புவோம். மூன்று வாரம் பார்ப்போம். பதில் இல்லையென்றால் கலைக்கச் சொல்லி மனு. கேமனுக்கு வந்து இங்குள்ள கம்பெனிச் சட்டத்தைத் திறந்தபோது அதே நோட்டீஸ், அதே மூன்று வாரம். நம் ஊரில் 500 ரூபாய்க்கு மேல் கடன் என்று இருந்த இடத்தில் இங்கே 100 டாலருக்கு மேல் என்று இருந்தது, அவ்வளவுதான். இரண்டுக்கும் மூலம் இங்கிலாந்தின் 1862-ஆம் வருடக் கம்பெனிச் சட்டம். "முதல்ல பேலன்ஸ் ஷீட்டைப் படிப்பா, சட்டத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் சீனியர். இன்றும் அந்த வரிசையில்தான் படிக்கிறேன்.

இந்தத் தொழிலில் பாதி நேரம் கணக்காளர்களோடு போகிறது. கம்பெனியைக் கலைக்க நீதிமன்றம் நியமிக்கும் லிக்விடேட்டர்கள் பெரும்பாலும் கணக்காளர்கள். உள்ளே புகுந்து கணினிகளை எடுத்து, வங்கி அறிக்கைகளை வரிசைப்படுத்தி, எந்தத் தேதியில் எவ்வளவு எங்கே போனது என்று அவர்கள் ஒரு வரைபடம் போடுவார்கள். அந்த ஒவ்வொரு அம்புக்குறிக்கும் ஒரு சட்டக் கேள்வி உண்டு. திரும்ப வாங்க முடியுமா? எந்த நாட்டில் கேட்பது? காலக்கெடு முடிந்துவிட்டதா?

2008 டிசம்பர் 11-ஆம் தேதி மாபெரும் முதலீட்டு மோசடி நடத்திய பெர்னார்ட் மேடாஃப் நியூயார்க்கில் கைதானார். அவரிடம் பணம் போட்ட ஃபண்டுகளில் மிகப் பெரியது ஃபேர்ஃபீல்ட் சென்ட்ரி, பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவானது. அதன் பணத்தில் 95 சதவீதம் போல மேடாஃபிடம் போயிருந்தது, அங்கே முதலீடு என்று எதுவுமே இருக்கவில்லை. இப்போது ஒரு நியாயக் கேள்வி. கைதுக்கு முன்பே சிலர் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'லாபத்தோடு' பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த லாபம் பின்னால் வந்து சேர்ந்தவர்களின் பணம். கடைசிவரை இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. முன்னால் போனவர்கள் திருப்பித் தர வேண்டுமா?

வேண்டாம் என்றது பிரிவி கவுன்சில், 2014-இல். ஃபண்டின் விதிகளின்படி அறிவித்த விலைக்குப் பங்கைக் கொடுத்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள். விலை பொய்யென்று பின்னால் தெரிந்தாலும் ஒப்பந்தம் ஒப்பந்தமே. ஆனால் அதே பிரிவி கவுன்சில் 2019-இல், வீவரிங் என்ற கேமன் ஃபண்டின் வழக்கில், ஒரு சுவீடன் வங்கி எடுத்துக்கொண்டு போன 82 லட்சம் டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. அந்த ஃபண்ட் 2009 மார்ச்சில் விழுந்தது. வங்கிக்குப் பணம் போனது அதற்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களில், ஃபண்ட் திவாலாகிவிட்ட பிறகு. வரிசையில் இருந்த மற்றவர்களை விட்டுவிட்டு இவருக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு கொடுத்தால் அது செல்லாது என்கிறது கேமன் சட்டம். கலைப்புக்கு முந்தைய ஆறு மாதம் இந்தக் கணக்கில் வரும்.

இரண்டு தீர்ப்புகளும் எனக்குச் சரியாகவே படுகின்றன. நல்ல எண்ணத்தோடு வெளியேறியவரைப் பத்து வருடம் கழித்துத் துரத்தக் கூடாது. மூழ்குவது தெரிந்தபின் வேண்டியவருக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டால் அதை மூடாமல் விடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பதைத்தான் நாங்கள் ஒவ்வொரு வழக்கிலும் மாதக்கணக்கில் வாதிடுகிறோம்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் போகும் மனுக்கள். ஒருவர் பணத்தைக் கிளப்பப் போகிறார் என்று தெரிந்தால், அவருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு மனுப் போடுவதில் அர்த்தம் இல்லை. நீதிபதியிடம் தனியாகப் போய் முடக்க உத்தரவு கேட்போம். கம்பெனியின் பதிவு முகவரோ வங்கியோ தங்களிடம் இருக்கும் ஆவணங்களைத் தர வேண்டும், தங்கள் வாடிக்கையாளரிடம் வாய் திறக்கக் கூடாது என்றும் உத்தரவு வாங்குவோம். ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. எதிரில் ஆள் இல்லாததால், அவர் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதையும் நாமே நீதிபதியிடம் சொல்ல வேண்டும். நம் பிரமாணப் பத்திரத்தில் எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்துக்கென்று ஒரு தனிப் பகுதி இருக்கும். அதில் எதையாவது மறைத்தால், பின்னால் தெரியவரும்போது உத்தரவு மொத்தமும் போய்விடலாம். நள்ளிரவில் ஹாங்காங் கட்சிக்காரர் போனில் இருப்பார். (கேமனுக்கும் ஹாங்காங்குக்கும் 13 மணி நேர வித்தியாசம், எங்கள் இரவு அவர்களின் பகல்.) "இதை ஏன் நாமே சொல்ல வேண்டும்?" என்று கேட்பார். அந்த நேரத்தில் அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் வக்கீலின் திறமை. எதிராளிக்காகவும் யோசித்துப் பழகியவர்களே இந்தத் தொழிலில் நிலைக்கிறார்கள்.

அந்த முடக்க உத்தரவே கொஞ்ச காலம் கையைவிட்டுப் போனது. வேறு நாட்டில் நடக்கும் வழக்குக்கு உதவியாக வர்ஜின் தீவுகளின் நீதிமன்றம் சொத்தை முடக்கலாம் என்று 2010-இல் ஒரு நீதிபதி வழி திறந்திருந்தார். பத்து வருடம் எல்லோரும் அந்த வழியில் போனோம். 2020-இல் கிழக்குக் கரீபிய மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படி ஓர் அதிகாரமே கிடையாது என்றுவிட்டது. அந்த மாதங்களில் இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும். பணம் அங்கேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, தொட முடியாது. 2021 தொடக்கத்தில் தீவின் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அதே வருடம் அக்டோபரில், பிரிவி கவுன்சிலில் ஏழு பேர் அமர்வில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில், நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் எப்போதுமே இருந்தது என்று தீர்ப்பு வந்தது.

இந்தத் தீவு நீதிமன்றங்களை ஏதோ பெயருக்கு நடப்பவை என்று நினைப்பவர்கள் உண்டு. 2017 செப்டம்பரில் இர்மா புயல் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் முக்கியத் தீவான டோர்டோலாவைப் பெயர்த்துப் போட்டது. அங்கிருந்த வணிக நீதிமன்றம் செயின்ட் லூசியாவுக்கு இடம் மாறி அங்கிருந்து வழக்குகளைத் தொடர்ந்து நடத்தியது. கேமனில் சவூதி அரேபியாவின் அல்கோசாய்பி குடும்பத்துக்கும் சாத் குழுமத்துக்கும் நடந்த வழக்கில், தலைமை நீதிபதி 2018-இல் எழுதிய தீர்ப்பு 1,300 பக்கங்களைத் தாண்டும். கேட்டது சுமார் 900 கோடி டாலர். அதைத் தள்ளுபடி செய்தார். அந்தத் தீர்ப்பை நான் வரி வரியாகப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு சாட்சியையும், ஒவ்வொரு கையெழுத்தையும் அவர் எடை போட்டிருக்கும் பொறுமை யாருக்கும் பாடம்.

ட்ரஸ்ட் வழக்குகளின் சுபாவம் வேறு. திவாலில் பணம் போனவர்கள் கோபமாக வருவார்கள். ட்ரஸ்டில் வருபவர்கள் காயத்தோடு வருவார்கள். அப்பா இருந்தவரை யாரும் கேட்காத கேள்விகளை அவர் போனபின் கேட்கிறார்கள். இன்னொரு குடும்பம் இருந்தது அப்போதுதான் தெரியவரும். தங்கைக்கு ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று ஐம்பது வயது அண்ணன் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார், தங்கையை எதிர்த்து வழக்கு நடத்திக்கொண்டே. இவற்றில் பெரும்பாலானவை மூடிய அறையில், பெயர் மறைத்து, எழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்டு நடப்பவை. நான் நடத்தியவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்லக் கூடாது.

வெளியே வந்த ஒன்றைச் சொல்லலாம். தைவானின் ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ் குழுமத்தை உருவாக்கிய வாங் சகோதரர்கள் பெர்முடாவில் 2001-இல் ஒரு ட்ரஸ்ட் உண்டாக்கினார்கள். பயனாளிகள் அவர்களுடைய பிள்ளைகளும் சந்ததியும். பயனாளிகளைச் சேர்க்கவும் நீக்கவும் ட்ரஸ்டிக்கு அதிகாரம் இருந்தது. 2005-இல் ட்ரஸ்டி அந்த அதிகாரத்தைக் கொண்டு குடும்பத்தினர் அனைவரையும் நீக்கிவிட்டு, குழுமத்தைக் காப்பதற்கான வேறொரு ட்ரஸ்டைச் சேர்த்து, சுமார் 56 கோடி டாலர் சொத்தை அதற்கு மாற்றியது. பத்திரத்தின் வார்த்தைப்படி அதைச் செய்யலாம். ஆனால் எதற்காகக் கொடுத்த அதிகாரம் அது? பயனாளிகளின் நலனுக்காக. அவர்களை ஒட்டுமொத்தமாக வெளியே தள்ளுவதற்கு அதைப் பயன்படுத்தினால் செல்லாது என்று 2022 டிசம்பரில் பிரிவி கவுன்சில் சொன்னது. எனக்கு இந்தத் தீர்ப்பின் மேல் பெரிய மரியாதை. வார்த்தை இடம் கொடுக்கிறது என்பதாலேயே அதிகாரம் வந்துவிடாது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன தீர்ப்புகள் குறைவு.

இந்தக் கேள்வி நமக்கும் புதிதில்லை. 1921-இல் சென்னையிலிருந்து மேல்முறையீடாகப் போன வித்யா வாருதி தீர்த்த சுவாமிகள் வழக்கில், மடாதிபதி ஆங்கிலச் சட்டம் சொல்லும் ட்ரஸ்டி இல்லை, சொத்து அவரிடம் இல்லை, மடத்திடமோ தெய்வத்திடமோ இருக்கிறது, அவர் நிர்வகிப்பவர் என்று சொன்னதும் இதே பிரிவி கவுன்சில்தான். நம் கோயில் சொத்து வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. பாராளுமன்றச் சதுக்கத்தில் அந்த நீதிமன்றத்தின் பின் வரிசையில் முதன்முறை உட்கார்ந்தபோது எனக்கு அந்த வழக்குதான் ஞாபகம் வந்தது.

ட்ரஸ்டே திவாலானால்? கேள்வியே தப்பு என்பார்கள், சட்டத்தின் பார்வையில் ட்ரஸ்ட் ஒரு நபர் இல்லை, கடன் ட்ரஸ்டியுடையது. ஆனால் ட்ரஸ்டிகள் மாறுவார்கள். பழையவர், புதியவர், அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ட்ரஸ்ட் சொத்திலிருந்து ஈடு கேட்பார்கள், சொத்தோ போதாது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் உள்ள சேனல் தீவுகளிலிருந்து வந்த வழக்கில் 2022 அக்டோபரில் பிரிவி கவுன்சிலிடமிருந்து இதற்குப் பதில் வந்தது: முதலில் வந்தவருக்கு முழுதும் என்று இல்லாமல், எல்லோருக்கும் விகிதப்படி. இதுவும் நான்குக்கு மூன்று. ட்ரஸ்ட் சட்டமும் திவால் சட்டமும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும் இடம் இது. அடுத்த பத்து வருட வழக்குகள் இங்கிருந்துதான் வரும் என்று நினைக்கிறேன்.

சரி, எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். பணக்காரர்கள் பணத்தை ஒளித்துவைக்கும் இடத்தில்தானே வேலை செய்கிறாய்? ஒளித்து வைப்பவர்கள் உண்டு. 2016-இல், இப்படிப்பட்ட கம்பெனிகளின் பின்னால் யார் இருந்தார்கள் என்று காட்டிய பனாமா ஆவணங்கள் வெளியானபோது உலகமே அதைப் பார்த்தது. உண்மையான உடைமையாளர் யார் என்ற பதிவேடு, நியாயமான காரணம் உள்ள எவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கம்பெனிக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளவே கடன் கொடுத்தவர் லட்சக்கணக்கில் செலவழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். சிறு தொகை இழந்தவர்கள் அந்த வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது, கடன் கொடுத்தவரைத் தடுப்பதற்கென்றே எழுதப்பட்ட சட்டங்கள். பசிபிக்கில் உள்ள குக் தீவுகளின் ட்ரஸ்டுக்குள் மோசடியாகப் பணம் போனது என்று காட்ட, கொலை வழக்கில் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், அதுவும் ஓரிரு வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். கரீபியத் தீவான நெவிஸில் வழக்குத் தொடுப்பதற்கே பெரிய தொகையைப் பிணையாகக் கட்ட வேண்டும். ஏமாந்தவருக்கு இது என்ன நீதி? அந்தக் குக் தீவுகளிலிருந்தே வந்த ஒரு விவாகரத்து வழக்கில், கணவரே ட்ரஸ்டியாகவும் பயனாளியாகவும் இருந்துகொண்டு எல்லாவற்றையும் தனக்கே எடுத்துக்கொள்ளும் அதிகாரமும் வைத்திருந்தார். அந்தச் சொத்து அவருடையதே, மனைவிக்கு அதில் பங்கு உண்டு என்று 2020-இல் பிரிவி கவுன்சில் முடிவு செய்தது. நான் இந்தத் தொழிலில் இருப்பதற்கான காரணம் இப்படிப்பட்ட நாட்கள். வக்கீல்கள் இரண்டு பக்கமும் நிற்பார்கள், நானும் ட்ரஸ்டிகளுக்காக வாதாடியிருக்கிறேன், நேர்மையான ட்ரஸ்டிகளுக்காக. ஆனால் பூட்டை உருவாக்கும் வேலையை எனக்குக் கொடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டேன்.

இந்தத் துறைக்கு எப்படி வருவது என்று சட்டக் கல்லூரித் தம்பி தங்கைகள் சிலர் எழுதிக் கேட்கிறார்கள். நேராகத் தீவுக்கு வர முடியாது. இங்கிலாந்திலோ காமன்வெல்த்தில் வேறொரு நாட்டிலோ தகுதி பெற்று, சில வருடம் பெரிய வழக்குகளில் உழைத்திருக்க வேண்டும். சிங்கப்பூர், ஹாங்காங் வழியாகவும் வருகிறார்கள். சேனல் தீவுகளான குவெர்ன்சி, ஜெர்சியில் நீதிமன்றத்தில் எழுந்து பேச அந்தத் தீவுகளின் சட்டத்தைத் தனியாகப் படித்துத் தேற வேண்டும். குவெர்ன்சிக்காரர்கள் அதற்காக பிரான்சில் கான் பல்கலைக்கழகத்துக்குப் போய் நார்மன் சட்டம் படிக்கிறார்கள். மறுபக்கம், இந்தியாவில் இப்போது தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயமான என்.சி.எல்.டி.யில் திவால் வழக்கு நடத்தும் இளைஞர்களுக்கு இருக்கும் அனுபவம் எங்கள் காலத்தில் எங்களுக்குக் கிடைக்காதது. அதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

ஜூனியர் எடுக்கும்போது நான் சட்டக் கேள்வி கேட்பதில்லை. பெயரெல்லாம் அழித்த ஒரு ட்ரஸ்ட் பத்திரத்தையும், ஆறு மாத வங்கி அறிக்கையையும் கொடுத்து ஒரு மணி நேரம் தனியாக விடுவேன். பணத்தை யார் நகர்த்தச் சொன்னார்கள், எந்தத் தேதியில், பத்திரத்தின் எந்த ஷரத்தை வைத்து? பெரும்பாலானவர்கள் பத்திரத்தை முழுதாகப் படித்துவிட்டு அறிக்கையைப் புரட்டுவார்கள். அறிக்கையை முதலில் எடுப்பவர்களை நான் உடனே சேர்த்துக்கொள்வேன்.